வயலுக்கு எந்த வேலி? மேற்கு மாசசூசெட்ஸில் ஐந்து நாள்

ஜனவரி 24, நார்த்தாம்ப்டன்

"இந்தக் குளிர்ல யாராவது ஊர் சுத்தக் கிளம்புவாங்களா சித்தி?" என்று அக்கா மகன் நேற்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் காலை ஏழு மணிக்கெல்லாம் கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு, ஹீட்டரையும் போட்டுவிட்டுத் தயாராக நின்றான். இந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. பார்த்தால் ஜனவரியில்தான் பார்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. வரியும் கடனும் தாங்காமல் 1787 ஜனவரியில் இந்தப் பனியில் வரிசை கட்டி நடந்த விவசாயிகளைத் தேடித்தான் வந்திருக்கிறேன். ஷேய்ஸ் கலகம் என்று அதற்குப் பெயர்.

பாஸ்டனிலிருந்து மேற்கே நூறு மைல். கனெக்டிகட் ஆறு வந்ததும் நிலம் தட்டையாக விரிகிறது. ஆற்றோர வண்டல் மண், நல்ல விளைச்சல் பூமி. இப்போது எல்லாம் வெள்ளை.

நார்த்தாம்ப்டன் கடைவீதியின் நடுவே கல்லால் கட்டிய பழைய நீதிமன்றம் நிற்கிறது. அது பிற்காலத்தில் எழும்பிய கட்டடம். 1786 ஆகஸ்ட் 29 அன்று இந்த ஊரில் நீதிமன்றம் கூட வேண்டிய நாள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏறத்தாழ 1500 பேர் முரசு கொட்டி, குழல் ஊதி வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். பலர் கையில் துப்பாக்கி, சிலர் கையில் வெறும் தடி. தொப்பியில் அடையாளத்துக்கு ஹெம்லாக் மரத்தின் பச்சைக் கொத்து. நீதிபதிகள் உட்கார முடியாமல், விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள்.

வரிக்கு எதிராகக் கிளம்பியவர்கள் ஏன் நீதிமன்றத்துக்குப் போனார்கள்? இந்தக் கலகத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்து மேற்கு மாசசூசெட்ஸில் விவசாயி கையில் காசு புழங்கியதே இல்லை. உப்பும் ஆணியும் வாங்கினால் கடைக்காரர் நோட்டில் பற்று எழுதிக்கொள்வார். அறுவடை முடிந்ததும் தானியமாகவோ மாடாகவோ இரண்டு நாள் வேலையாகவோ கழித்துக்கொள்வார்கள். 1783இல் அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்தது. லண்டன் வியாபாரிகள் பாஸ்டன் வியாபாரிகளிடம் இனி கடன் இல்லை, காசை எடு என்றார்கள். பாஸ்டன்காரர் உள்ளூர்க் கடைக்காரரை நெருக்கினார். கடைக்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு விவசாயி வீட்டு வாசலுக்கு வந்தார். தானியம் வேண்டாம், வெள்ளிக்காசு வேண்டும் என்றார்.

அதே நேரத்தில் மாநில அரசும் வந்து நின்றது. போர்க்கடனைச் சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்து, ஆங்கிலேயன் காலத்தில் கட்டியதைவிட அதிக வரியைப் போட்டது. அதில் பெரும் பங்கு நிலவரி, தலைவரி. பதினாறு வயது தாண்டிய ஒவ்வொரு ஆண் தலைக்கும் ஒரே வரி. பாஸ்டன் கப்பல் முதலாளிக்கும் அதுதான், மலையடிவாரத்தில் கல் பொறுக்கி உழுகிறவனுக்கும் அதுதான். அதுவும் காசாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் யாருக்குப் போனது? போர் வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த கடன் பத்திரங்களுக்கு. பசி தாங்காத வீரர்கள் அவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டிருந்தார்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தவர்களுக்கு அரசு முழு மதிப்பும் வட்டியும் கொடுக்க முன்வந்தது. ஆக, சம்பளம் வராத அதே சிப்பாய், தன் சம்பளப் பத்திரத்தை வாங்கியவனுக்குக் கொடுப்பதற்காக வரி கட்ட வேண்டியிருந்தது.

கட்ட முடியாவிட்டால் வழக்கு, தீர்ப்பு, ஜப்தி, ஏலம், இல்லையென்றால் கடன்காரர் சிறை. இந்தச் சங்கிலியில் நீதிமன்றம் ஒரு கண்ணி. அது கூடாவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் மாடு கொட்டகையிலேயே நிற்கும். அடுத்த தேர்தல் வரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 1774இல் ஆங்கிலேய அரசின் நீதிமன்றங்களை இதே மாதிரிதான் மூடியிருந்தார்கள். கை பழகிய வழி.

என் தாத்தா மணியக்காரர். கிஸ்தி பாக்கி வீடுகளின் வாசலில் நிற்கிற நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்று பாட்டி சொல்லுவாள். மாசசூசெட்ஸில் வரி வசூலிக்கிறவரும் உள்ளூர்க்காரர்தான். வசூலாகாத தொகைக்கு அவரே பொறுப்பு. அவர் சொத்துக்கே ஆபத்து வரும். இதைப் படித்தபோது தாத்தா முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. நார்த்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில், அதே ஆகஸ்ட் மாதம், 50 ஊர்ப் பிரதிநிதிகள் கூடிக் குறைகளை வரிசையாக எழுதினார்கள். காகிதப் பணம் வெளியிடுங்கள், வக்கீல் கட்டணத்தைக் குறையுங்கள், செனட் சபை எதற்கு, சட்டமன்றம் ஏன் பாஸ்டனிலேயே கூட வேண்டும் என்றெல்லாம். கும்பல் சேர்ந்து கலாட்டா வேண்டாம் என்றும் அதே கூட்டத்தில் சொன்னார்கள். மனு எழுதி எழுதிச் சலித்தவர்களின் பொறுமை சில நாட்களில் தீர்ந்துபோனது.

ஜனவரி 25, ஸ்பிரிங்ஃபீல்ட்

வேண்டுமென்றே இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். 1787 ஜனவரி 25 பிற்பகல் இந்த மேட்டில்தான் கலகத்தின் முதுகெலும்பு முறிந்தது.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கு இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். 1968இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உள்ளே அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளை அடுக்கு அடுக்காக, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. 1787இல் இந்தச் செங்கல் கட்டடங்கள் கிடையாது. மேட்டின் மேல் சில கிடங்குகள், அவற்றில் போரில் மிஞ்சிய ஆயுதங்கள், அவ்வளவுதான்.

டேனியல் ஷேய்ஸ் பெல்ஹாம் ஊர் விவசாயி. சுதந்திரப் போரில் பங்கர் ஹில்லில் சண்டை போட்டவர், சாரடோகாவில் சண்டை போட்டவர், கேப்டன் பதவி வரை உயர்ந்தவர். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பரிசாகக் கொடுத்த வாளைக் கடனுக்காக விற்க வேண்டி வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கலகத்துக்கு அவர் பெயரை வைத்தவர்கள் எதிர்த்தரப்பினர். இந்த விவசாயிகள் தங்களை 'ரெகுலேட்டர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். அரசை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறவர்கள் என்று பொருள்.

எதிரே நின்றவர் மாநிலப் படையின் தளபதி வில்லியம் ஷெப்பர்ட். அவரும் பக்கத்து வெஸ்ட்ஃபீல்ட் ஊர் விவசாயி, அதே போரில் நின்றவர். கிடங்கு மத்திய அரசின் சொத்து. அதற்குள் தன் படையை நிறுத்த அவர் அனுமதி கேட்டார். மத்திய சட்டசபையான காங்கிரஸ் கூடவில்லை, அனுமதி தர முடியாது என்று போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸிடமிருந்து பதில் வந்தது. அனுமதி இல்லாமலே ஷெப்பர்ட் உள்ளே போனார். ஒரு நாட்டின் ஆயுதக் கிடங்கைக் காக்க அந்த நாட்டு அரசிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கலகத்துக்காகப் படை திரட்டப் பணம் கேட்டபோது, வர்ஜீனியா தவிர வேறு எந்த மாநிலமும் கொடுக்கவில்லை. கடைசியில் கவர்னர் ஜேம்ஸ் பொடின் பாஸ்டன் வியாபாரிகளிடம் போனார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொந்தப் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் தளபதி பெஞ்சமின் லிங்கன் தலைமையில் ஒரு படை கிளம்பியது.

லிங்கன் வந்து சேர்வதற்குள் கிடங்கைப் பிடித்துவிட வேண்டும் என்பது ஷேய்ஸின் திட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கலகத் தலைவரான லூக் டேயின் கூட்டம் இருந்தது. 25ஆம் தேதி வேண்டாம், 26 என்று டே எழுதிய கடிதம் வழியில் ஷெப்பர்டிடம் சிக்கியது. ஷேய்ஸ் அது தெரியாமல், பாஸ்டன் சாலை வழியாகப் பனியில் ஆட்களை நடத்திக்கொண்டு வந்தார். முன்வரிசையில் வந்தவர்கள் பழைய போர் வீரர்கள்.

மேட்டிலிருந்து கீழே பார்த்தேன். இன்று நாலாபக்கமும் சாலையும் வீடும். ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது. ஷெப்பர்ட் முதலில் பீரங்கியைத் தலைக்கு மேலே சுட வைத்தார். அவர்கள் நிற்கவில்லை. அடுத்து இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொன்னார். நாலு பேர் செத்து விழுந்தார்கள். எசெக்கியல் ரூட், ஏரியல் வெப்ஸ்டர், ஜேபஸ் ஸ்பைசர், ஜான் ஹன்டர். ஏறத்தாழ இருபது பேருக்குக் காயம். "கொலை! கொலை!" என்று கத்திக்கொண்டு மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, இரண்டு பக்கத்திலும்.

அந்தக் கூச்சலில்தான் என் மனம் நின்றுவிட்டது. போர்க்களம் கண்டவர்கள் பீரங்கிக்குப் பயந்து அப்படிக் கத்தவில்லை. எதிரே நிற்பவன் நம்மோடு போரில் நின்றவன், சுடமாட்டான் என்று நம்பி நடந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்த சத்தம் அது என்றே நினைக்கிறேன்.

வெளியே மைனஸ் 12 டிகிரி. பத்து நிமிஷத்தில் விரல் நுனி மரத்துவிட்டது.

ஜனவரி 26, பெல்ஹாம், பீட்டர்ஷாம்

பெல்ஹாம் போகிற 202ஆம் எண் சாலைக்கே டேனியல் ஷேய்ஸ் நெடுஞ்சாலை என்று பெயர். தோற்றவர் பெயரில் சாலை.

பெல்ஹாமில் 1743இல் கட்டிய ஊர்மன்றம் இன்னும் இருக்கிறது. சின்ன மரக் கட்டடம். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் அளவுகூட இல்லை. வருடாவருடம் ஊர்க்காரர்கள் இங்கே கூடி, எந்தச் சாலையைச் செப்பனிடுவது, யாருக்கு என்ன வரி என்று கைதூக்கி முடிவு செய்தவர்கள். வாசற்படியில் நின்றபோது, இவர்களை ஒன்றும் தெரியாத கும்பல் என்று பாஸ்டன் கனவான்கள் எழுதியது எவ்வளவு அநியாயம் என்று பட்டது. தன்னாட்சி என்றால் என்னவென்று நாட்டுக்கு முன்பே தெரிந்தவர்கள் இவர்கள்.

அங்கிருந்து குவாபின் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு பீட்டர்ஷாம். பாஸ்டனுக்குக் குடிநீர் வேண்டும் என்று 1938இல் டானா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரெஸ்காட் என்ற நாலு ஊர்களைக் கலைத்துவிட்டார்கள். ஷேய்ஸ் காலத்துப் பெல்ஹாமின் கிழக்குப் பகுதிதான் பின்னால் பிரெஸ்காட் ஆனது. மரங்களுக்கு நடுவே உறைந்த நீர் தெரிய, வெகுதூரம் பேசாமல் போனோம்.

ஸ்பிரிங்ஃபீல்டில் சிதறியவர்கள் பெல்ஹாம் வந்து, பிறகு பீட்டர்ஷாமுக்கு நகர்ந்தார்கள். லிங்கன் ஹாட்லியில் இருந்தார். பிப்ரவரி 3 இரவு அவர் படை கிளம்பியது. முப்பது மைல். நடுராத்திரிக்கு மேல் பனிப்புயல். நின்றால் உறைந்து சாக வேண்டும் என்பதால் நிற்காமல் நடந்து, ஞாயிறு காலை பீட்டர்ஷாமுக்குள் நுழைந்தார்கள். இந்த ராத்திரியில் யார் வரப்போகிறார்கள் என்று அசந்திருந்தவர்களில் 150 பேர் பிடிபட்டார்கள். ஷேய்ஸ் வெர்மான்ட் பக்கம் தப்பினார்.

எங்கள் காரும் பீட்டர்ஷாம் எல்லையில் சாலையோரப் பனியில் சக்கரம் பதிந்து நின்றுவிட்டது. அக்கா மகன் மண்வெட்டியால் வாரினான், நான் தள்ளினேன், நகரவில்லை. அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் தன் டிரக்கில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டார். எதைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். ஷேய்ஸ் என்றேன். "அப்படியானால் இரண்டு கல்லையும் படியுங்கள்" என்றார்.

முதல் கல் 1927இல் வைத்தது. பனி அப்பியிருந்தது. கையுறையால் துடைக்கத் துடைக்க எழுத்து வரி வரியாக வந்தது. காமன்வெல்த்துக்கு, அதாவது மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு, எதிராகக் கலகம் செய்த ஷேய்ஸும் 150 பேரும் இங்கே முறியடிக்கப்பட்டார்கள், அந்த வெற்றி மூன்று மாதம் கழித்துக் கூடி அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் செல்வாக்குச் செலுத்தியது என்று சொல்லி, சட்டத்துக்குப் பணிவதே உண்மையான சுதந்திரம் என்று முடிகிறது.

கலகத்தின் இருநூறாவது ஆண்டான 1987இல் அதே ஊரில் இன்னொன்றை வைத்தார்கள். சாதாரண மக்களுக்காகப் போராடிய கேப்டன் ஷேய்ஸும் தோழர்களும், பாஸ்டன் பணக்கார வியாபாரிகள் காசு கொடுத்த படையால் இங்கே முறியடிக்கப்பட்டார்கள் என்கிறது அது. உண்மையான சுதந்திரத்துக்கும் நீதிக்கும் சட்டத்தை எதிர்க்க வேண்டியும் வரலாம் என்று முடிகிறது.

"இதுல எது சரி சித்தி?" என்றான் அக்கா மகன்.

அறுபது வருஷ இடைவெளியில் ஒரே காலைப் பொழுதைப் பற்றி ஒரே ஊரில் எழுதி வைத்த இரண்டு வாக்கியங்கள். என் மனம் இரண்டாவது கல்லின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் முதல் கல் சொல்கிற செய்தி, அந்தத் தோல்வி பிலடெல்பியாவைத் தொட்டது என்பது, பொய் இல்லை. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

ஜனவரி 27, ஷெஃபீல்ட்

இன்று நீண்ட பயணம், சின்னக் குறிப்பு. மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு வயலோரத்தில், அப்பலாச்சியன் நடைபாதை சாலையைக் கடக்கிற இடத்தில், ஒரு ஒற்றைக் கல். 1787 பிப்ரவரி 27, ஷேய்ஸ் கலகத்தின் கடைசிச் சண்டை. சோளத்தட்டைகள் பனிக்கு மேல் குத்திக்கொண்டு நின்றன.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல். பக்கத்து ஊர் கிரேட் பாரிங்டனில் கலகக்காரர்கள் மூடிய அதே மாவட்ட நீதிமன்றத்தில்தான் 1781இல் எலிசபெத் ஃப்ரீமன் என்ற கறுப்பினப் பெண், தன்னை அடிமையாக வைத்திருந்த ஜான் ஆஷ்லிமேல் வழக்குப் போட்டு விடுதலை வாங்கினாள். அவளுக்காக வாதாடிய வக்கீல் தியோடர் செட்ஜ்விக், விவசாயிகளின் கடும் எதிரி. கலகக்காரர்கள் ஸ்டாக்பிரிட்ஜில் அவர் வீட்டுக்குள் புகுந்தபோது, அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃப்ரீமன் வெள்ளிப் பாத்திரங்களை ஒளித்துவைத்து அவர்களை எதிர்த்து நின்றாள் என்கிறார்கள். ஒரே கோர்ட்டு. ஒருவன் நிலத்தைப் பிடுங்கிய இடம், இன்னொருத்திக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்த இடம்.

ஜனவரி 28, பாஸ்டன்

பாஸ்டனுக்குத் திரும்பியதும் நேரே ஃபெடரல் வீதிக்குப் போனோம். வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும். 1788இல் இதன் பெயர் லாங் லேன். இங்கே இருந்த ஒரு தேவாலயத்தில்தான் புதிய அரசியல் சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று மாசசூசெட்ஸ் மாநாடு கூடி விவாதித்தது. அதனால்தான் தெருவுக்கே பெயர் மாறியது.

பிலடெல்பியா மாநாட்டுக்கான அழைப்பு கலகம் முற்றுவதற்கு முன்பே அன்னபோலிஸில் நடந்த மாநிலங்களின் கூட்டத்தில் பிறந்துவிட்டது. அதனால் கலகம்தான் சாசனத்தைப் பெற்றது என்று ஒரே போடாகச் சொல்லமாட்டேன். ஆனால் அன்னபோலிஸுக்கு வந்தவை ஐந்தே மாநிலங்கள். பீட்டர்ஷாம் முடிந்த பதினேழாவது நாள், பிப்ரவரி 21 அன்று, காங்கிரஸ் பிலடெல்பியா மாநாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஓய்ந்திருந்த வாஷிங்டனுக்கு நாக்ஸ் எழுதிய கடிதங்கள் நிலைமையை ஊதிப் பெருக்கிக் காட்டின. கலகக்காரர்களை உங்கள் செல்வாக்கால் அடக்குங்கள் என்று கேட்டவருக்கு, செல்வாக்கு என்பது அரசாங்கம் ஆகாது என்று வாஷிங்டன் பதில் எழுதினார். அப்புறம் பிலடெல்பியாவுக்குக் கிளம்பினார். பாரிஸிலிருந்த ஜெஃபர்சன் மட்டும் அவ்வப்போது ஒரு சின்னக் கலகம் நல்லதுதான் என்று எழுதினார். அவர் அந்த மண்டபத்தில் இல்லை.

சாசனத்தைப் படித்தால் அந்தக் குளிர்காலம் வரிக்கு வரி தெரிகிறது. மத்திய அரசு தானே வரி போடலாம். கலகத்தை அடக்கப் படை அழைக்கலாம். உள்நாட்டுக் கலவரத்திலிருந்து மாநிலங்களைக் காக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. எந்த மாநிலமும் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டம் போடக் கூடாது. ஹாட்ஃபீல்டில் 50 ஊர்கள் கேட்ட மருந்துக்கு இப்படி நிரந்தரமாகப் பூட்டுப் போட்டார்கள். 1794இல் பென்சில்வேனியா விவசாயிகள் விஸ்கி வரியை எதிர்த்தபோது, மாநிலங்களிலிருந்து 13,000 பேர் அளவுக்குப் படை திரட்ட அந்த அரசால் முடிந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் மேட்டில் அனுமதிக்கும் ஆள் இல்லாத நிலை ஏழெட்டு வருஷத்தில் போய்விட்டது.

விவசாயிகளுக்கு வழி திறந்தது வேறு இடத்தில். 1787 ஏப்ரல் தேர்தலில் பொடினை மண் கவ்வ வைத்து ஜான் ஹான்காக்கைக் கவர்னர் ஆக்கினார்கள். புதிய சட்டமன்றம் வரியைக் குறைத்தது, கடனுக்குத் தவணை கொடுத்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். ஜான் பிளை, சார்ல்ஸ் ரோஸ் என்ற இருவரைத் திருட்டுக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். ஷேய்ஸுக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது.

நான் இந்தத் தெருவுக்கு வந்தது இரண்டு பேருக்காக. 1788 ஜனவரி 25. ஆயுதக் கிடங்குச் சண்டை முடிந்து சரியாக ஒரு வருடம். சட்டன் ஊரிலிருந்து வந்த ஆமோஸ் சிங்கிள்டரி எழுந்தார். வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் வழவழவென்று பேசி, படிப்பில்லாத ஏழைகளான நம்மை இந்த மாத்திரையை விழுங்க வைக்கப் பார்க்கிறார்கள் என்றார். அதிகாரமும் பணமும் கைக்குப் போனதும், பைபிள் கதையில் யோனாவைத் திமிங்கிலம் விழுங்கியதுபோல் சின்ன மனிதர்களான நம்மை விழுங்கிவிடுவார்கள் என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வக்கீல் எவரும் எழவில்லை. மேற்கே பெர்க்‌ஷைர் மலையிலிருந்து, லேன்ஸ்பரோவிலிருந்து வந்த ஜோனதன் ஸ்மித் எழுந்தார். நான் சாதாரண மனிதன், ஏர் பிடித்துப் பிழைக்கிறவன், மேடையில் பேசிப் பழக்கமில்லை, இங்கே இருக்கிற என் கலப்பை ஓட்டும் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும் என்று ஆரம்பித்தார். போன குளிர்காலத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்தது தெரியுமா, பேசப் போனால் நெஞ்சில் துப்பாக்கி வைத்தார்கள் என்றார். இந்தச் சாசனம் கைக்கு வந்ததும் எந்த வக்கீலிடமும் கருத்துக் கேட்கவில்லை, நானே திரும்பத் திரும்பப் படித்தேன் என்றார். சிங்கிள்டரியைக் கைகாட்டி, அதோ எங்கள் மதிப்புக்குரிய பெரியவர், நான் காங்கிரஸுக்குப் போய் மக்களை விழுங்குவேன் என்று அவர் நினைக்கமாட்டார், எனக்குப் பதவி எதுவும் இருந்ததும் இல்லை, வேண்டியதும் இல்லை என்றார்.

அப்புறம் வேலி பற்றிக் கேட்டார். நாம் சிலர் சேர்ந்து கரடு நிலத்தைத் திருத்திக் கோதுமை விதைத்திருக்கிறோம். என்ன மாதிரி வேலி போடுவது என்று ஒத்துப்போகவில்லை என்பதற்காக நிலத்தைத் திறந்து போட்டுவிடுவோமா? எல்லோருக்கும் பிடிக்காத வேலியானாலும் போடுவது மேல் இல்லையா, காட்டு மிருகம் புகுந்து மேய்ந்துவிட்டுப் போகும்வரை சண்டை போட்டுக்கொண்டிருப்பதைவிட?

பிப்ரவரி 6 அன்று வாக்கெடுப்பு. 187 பேர் சம்மதம், 168 பேர் மறுப்பு. மேற்கு மாவட்டங்களில் பெரும்பாலோர் மறுத்தவர்கள். ஸ்மித் சம்மதித்தவர்.

இதையெல்லாம் ஃபெடரல் வீதியின் குளிரில் நின்று அக்கா மகனிடம் சொல்லி முடித்தேன். பீட்டர்ஷாமில் கேட்ட கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை. "லேன்ஸ்பரோ எங்க இருக்கு?" என்றான். நேற்று நின்ற ஷெஃபீல்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் என்றேன். நேற்றே சொல்லியிருக்கலாமே சித்தி என்று கோபித்துக்கொண்டான். உழவு நடக்கிற மாதத்தில் அங்கே போவதாக முடிவு செய்திருக்கிறோம்.